வலைக்கடியன்: நம் நீரிணையின் கடல்பாம்பு

கடலில் எதிர்பாராமல் ஓர் உயிரினத்தைச் சந்திப்பது என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுறாதான். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்குப் பலகையைக் கடித்த சுறா, ஹவாயில் ஒரு சிறுமியின் கையைப் பறித்த சுறா என்று தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, கடலில் ஆபத்து என்றாலே நீருக்கு மேல் தெரியும் அந்த முக்கோணத் துடுப்பு என்று மனத்தில் பதிந்துவிட்டது.

பட்டர்வொர்த் கரையில் நின்று பார்ப்பவருக்கு இவை வேறோர் உலகத்துச் சங்கதிகள். நமக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவே கிடக்கும் நீரிணையில் சறுக்கி விளையாட அலை ஏது? அலைச்சறுக்குப் பிரியர்கள் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பகாங் மாநிலத்துச் செராத்திங்கிற்குத்தான் போகிறார்கள். முக்குளிப்பதும் இங்கே நடவாத காரியம். மூடா ஆறும் பிறை ஆறும் கொண்டு வந்து சேர்க்கும் சேற்றில், முழங்கை ஆழத்தில் நம் விரல் நமக்கே தெரியாது. முக்குளிக்க ஆசைப்படுவோர் வடக்கே கெடா மாநிலத்துப் பாயார் தீவுக்குப் படகேறுகிறார்கள். அங்கே கரையோரத்திலேயே கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் காலருகே வந்து சுற்றும். பார்ப்பவர் அலறுவார்கள், குட்டிகள்தாம் பயந்து ஓடும்.

அப்படியானால் நம் சேற்றுக் கடலில் சந்திப்பே இல்லையா என்றால், உண்டு. உலகம் முழுவதும் மருத்துவ நூல்களில் எழுதப்படும் அளவுக்கு முக்கியமான சந்திப்புகள் இங்கேதான் நடந்திருக்கின்றன. அவற்றைச் சந்தித்தவர்கள் சறுக்குப் பலகை பிடித்தவர்களோ காற்றுக்கலம் சுமந்தவர்களோ இல்லை. வலை இழுத்தவர்கள், இறால் தள்ளியவர்கள், கரையோரம் கால் நனைத்தவர்கள். எதிரில் வந்தது கடல்பாம்பு.

பாம்பா, விலாங்கா?

மலாய்க்காரர்கள் உலார் லாவுட் என்று அழைக்கும் கடல்பாம்புகளில் பல இனங்கள் மலாக்கா நீரிணையில் உண்டு. அவற்றுள் நம் கரைக்கு மிகவும் நெருங்கியது, மேல்தாடை நுனி கிளியின் அலகைப் போலச் சற்றுக் கீழ்நோக்கி வளைந்த ஓரினம். அறிவியல் பெயர் ஹைட்ரோஃபிஸ் சிஸ்டோசஸ். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், சாம்பல் நிறம், வயது ஏற ஏற மங்கிப்போகும் கரும்பட்டைகள். தெளிந்த நீரும் பவளப்பாறையும் இதற்கு வேண்டாம். ஆற்றுமுகம், சேறு, கலங்கிய ஆழமற்ற நீர் ஆகியவையே இதன் வீடு. காரணம் எளிது. இதன் முதன்மை உணவு கெளுத்தி வகை மீன்கள். கெளுத்தி சேற்றை விட்டு வராது. கெளுத்தியின் முள் குத்திக் கிழித்த வாயோடும் சில பாம்புகள் அகப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் இந்தப் பாம்புக்கு என்ஹைட்ரினா வலக்காடியன் என்றொரு பெயர் வழங்கியது. தமிழ் படித்த காதுக்கு அந்த இரண்டாவது சொல் லத்தீன் போலவா கேட்கிறது? வலையில் சிக்கி, வலையையும் வலை பிடித்த கையையும் கடிப்பது எதுவோ அது வலைக்கடியன். சோழமண்டலக் கரையில் பாம்பு சேகரித்த ஐரோப்பியர்கள் மீனவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டதன் எச்சம் இது என்றே எனக்குப் படுகிறது. பெயர் வைத்தவர்கள் இந்தப் பாம்பு மனிதனை எங்கே சந்திக்கிறது என்பதை ஒரே சொல்லில் சொல்லி முடித்திருக்கிறார்கள்.

விலாங்கு மீனையும் கடல்பாம்பையும் குழப்பிக்கொள்வோர் அதிகம். தூண்டில் போடுவோருக்கு இது முக்கியமான செய்தி. விலாங்குக்குச் செதில் வெளியே தெரியாது, உடல் வழவழக்கும், முதுகு நெடுகத் துடுப்பு ஓடும். கடல்பாம்புக்குச் செதில் உண்டு, துடுப்பு கிடையாது. வால் மட்டும் படகுத் துடுப்பைப் போலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஊரும் நாய்முகப் பாம்பின் வால் உருண்டையானது. அதன் நஞ்சும் மனிதருக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆகவே முதலில் வாலைப் பாருங்கள்.

தட்டை வால் நீந்துவதற்கு. மூக்குத்துளையில் உள்ள மூடி நீர் புகாமல் அடைத்துக்கொள்ளும். ஒற்றை நுரையீரல் ஏறத்தாழ வால்வரை நீண்டிருக்கும். ஆனாலும் அது மீன் ஆகிவிடாது, மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். நாக்கின் அடியில் உள்ள ஒரு சுரப்பி உடம்பில் மிகுந்த உப்பை வெளியே தள்ளுகிறது. முட்டையிடக் கரையேறுவதும் இல்லை. கடலிலேயே குட்டி போடுகிறது. 1970களில் ஜொகூர் மாநிலத்து மூவாரில் மீனவர் வலைகளில் சிக்கியவற்றை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இனத்தின் வளர்ச்சியையும் பெருக்கத்தையும் ஆராய்ந்தார்கள். ஓர் ஈற்றில் பதினைந்து இருபது குட்டிகள் சாதாரணம் என்று அப்போது தெரிய வந்தது. இவ்வளவு பிறந்தும் கடல் பாம்பால் நிரம்பாததற்குக் காரணம், பெரும்பாலான குட்டிகள் முதல் ஆண்டையே தாண்டுவதில்லை.

நஞ்சைப் பொறுத்தவரை கணக்கு அச்சமூட்டும். ஒரு மனிதனைக் கொல்ல ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் போதும் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு பாம்பிடம் கறக்கக்கூடியது சராசரியாக 8 மில்லிகிராம். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான் ஆகும். மீதிப் பாதியைக் கண்டுபிடித்த இடம் நம் பினாங்குப் பெரிய மருத்துவமனை.

பினாங்கில் ஒரு மருத்துவர்

ஹியூ அலிஸ்டர் ரீட் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1950களில் பினாங்குப் பெரிய மருத்துவமனையில் பணியாற்றினார். என் விடுதி நண்பர்கள் பத்துப் பேரிடம் இவரைப் பற்றிக் கேட்டேன், அவர்களில் இருவர் மருத்துவம் பயில்பவர்கள், ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இணையமில்லாத காலத்தில் உலகத்தின் எந்த மூலையில் கடல்பாம்புக் கடியைப் பற்றி ஒரு மருத்துவர் படிக்க நேர்ந்தாலும் அவர் படித்தது ரீட் எழுதியதாகவே இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் கடல்பாம்பு கடித்தவர்கள் மருத்துவமனைக்கு வருவதே அரிது. கம்பத்து மீனவர் பாம்பு கடித்தால் முதலில் பாவாங்கிடமோ வைத்தியரிடமோ போவார். பிழைத்தால் மறுநாள் கடலுக்கு, பிழைக்காவிட்டால் இடுகாட்டுக்கு. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு ஏட்டில் கணக்கு இல்லை. ரீட் மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருக்கவில்லை. லிம் என்ற சக ஆய்வாளருடன் வடமேற்கு மலாயாவின் மீனவக் கிராமங்களைச் சுற்றி விசாரித்தார். அந்த ஆய்வு 1957-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. யாருக்குக் கடி விழுகிறது, எந்த வேலையின்போது விழுகிறது என்பது அதில் தெளிவானது. வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது கையில். ஆழமற்ற நீரில் நடந்து வலை தள்ளும்போது காலில். கலங்கிய நீரில் குளித்த சிலரும் பாம்பை மிதித்துக் கடி வாங்கியிருந்தார்கள்.

இங்கேதான் மேலே சொன்ன மீதிப் பாதி வருகிறது. கடிபட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு நஞ்சின் பாதிப்பு இல்லை, அல்லது மிகக் குறைவு. மனிதன் அந்தப் பாம்புக்கு இரை இல்லை. விழுங்க முடியாத ஒன்றின்மேல் நஞ்சை வீணாக்க அது விரும்புவதில்லை. அதன் கடி பெரும்பாலும் ‘விடு’ என்று சொல்லும் கடி. ஆனால் நஞ்சு முழுமையாக இறங்கிவிட்ட அந்த ஐந்தாமவருக்கு, மாற்று மருந்து இல்லாத அக்காலத்தில், பிழைப்பது பாதிக்குப் பாதிதான்.

ரீட்டின் இன்னொரு கண்டுபிடிப்பு மருத்துவ நூல்களையே திருத்தியது. ஆய்வுக்கூட விலங்குகளுக்கு நஞ்சைச் செலுத்திப் பார்த்தவர்கள், நல்லபாம்பின் நஞ்சைப் போல இதுவும் நரம்பைத் தாக்குவது என்றே எழுதி வந்தனர். நோயாளியின் படுக்கையருகே நின்ற ரீட் வேறொன்றைக் கண்டார். இந்த நோயாளிகளின் கைகால் தளர்ந்து கிடக்கவில்லை. வலியால் விறைத்துக் கிடந்தன. தொட்டாலும் அசைத்தாலும் வலி. தாடையைத் திறக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் சிறுநீர் கறுத்த சிவப்பாக, தேயிலைச் சாயத்தைப் போல இறங்கியது. அது இரத்தம் இல்லை. சிதைந்த தசைகளிலிருந்து கரைந்து வந்த மயோகுளோபின் என்னும் புரதம். மனிதரிடத்தில் இந்த நஞ்சு முதன்மையாகத் தசையை அழிக்கிறது. அழிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும் என்பது அப்போது விளங்கியது.

1960களின் தொடக்கத்தில் அதே மருத்துவமனையில் பாம்பு, நஞ்சு ஆய்வுக்கழகம் ஒன்றை அவர் அமைத்தார். மீனவர்கள் பிடித்துக் கொடுத்த கடல்பாம்புகளிடம் கறந்த நஞ்சு மெல்பர்னில் உள்ள காமன்வெல்த் சீரம் ஆய்வுக்கூடங்களுக்குப் போனது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைப் பிரித்து மாற்று மருந்து செய்தார்கள். உலகில் கடல்பாம்புக் கடிக்கென்றே உருவான அந்த மருந்தின் மூலம் நம் நீரிணைப் பாம்பு. இந்த வட்டாரத்துச் சேற்றில் நீந்திய ஒரு பாம்பின் நஞ்சால் ஆஸ்திரேலிய மீனவர்களும் பாரசீக வளைகுடா மாலுமிகளும் பிழைக்க வழி உண்டானது. 2012-ஆம் ஆண்டு இலங்கை, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்து, ஆசியக் கடலிலும் ஆஸ்திரேலியக் கடலிலும் ஒரே இனம் என்று நினைத்தவை உண்மையில் வெவ்வேறு இனங்கள் என்று கண்டார்கள். ஒரே மாதிரியான வாழ்விடம் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. நல்லவேளையாக மாற்று மருந்து இரண்டின் நஞ்சுக்கும் வேலை செய்கிறது.

ரீட்டின் பணி கடலோடு நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், அது நம் தாத்தா பாட்டிகளின் கதையும் ஆகும் என்பதால். வடக்கு மலாயாவின் ரப்பர்க் காடுகளில், விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்களைக் கடித்த குழிவிரியன் பாம்பையும் அவர் ஆராய்ந்தார். கடிபட்டவர்களின் இரத்தம் நாள்கணக்கில் உறையாமல் இருப்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து ஆன்குராட் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பிறந்தது. பின்னர் அவர் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குச் சென்று 1983-இல் காலமானார்.

வலிக்காத கடி

பாகான் ஆஜாமில் மீன் விற்கும் ஒரு சீனப் பெரியவரிடம் அம்மா வாடிக்கையாக வாங்குவார். வலையில் பாம்பு வருவதுண்டா என்று ஒரு நாள் கேட்டேன். மீன் வெட்டுவதை நிறுத்தாமலே, ‘இப்போது குறைவு, முன்பெல்லாம் நிறைய’ என்றார் மலாயில். கடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, ‘வலிக்காது. அதுதான் கெட்டது’ என்றார்.

அவர் சொன்னது நூல்களில் உள்ளதற்கு அப்படியே பொருந்துகிறது. கடல்பாம்பின் நச்சுப்பல் சில மில்லிமீட்டர்தான். குத்திய இடத்தில் புள்ளி தெரிந்தாலும் தெரியலாம், தெரியாமலும் போகலாம். வீக்கம் இருக்காது. மீன்முள் குத்தியது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தவர்கள் உண்டு. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் கழுத்திலும் தோளிலும் தொடையிலும் வலி தொடங்கும், நாக்கு தடிக்கும், தாடை இறுகும். சிறுநீர் நிறம் மாறுவது அதற்கும் பிறகு. 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஓர் இழுவைப் படகில் வேலை செய்த 23 வயதுப் பிரிட்டிஷ் இளைஞர், வலையை இழுக்கும்போது கடல்பாம்பு கடித்து உயிரிழந்தார். நவீன வசதிகள் கொண்ட நாடுதான். ஆனால் படகு நடுக்கடலில் இருந்தது. பாம்பு சந்திக்கும் இடம் மாறவில்லை, வலை ஒன்றே.

தெளிந்த நீரில் முக்குளிப்பவர்களின் அனுபவம் வேறு விதமானது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பழுப்புக் கடல்பாம்புகள் முக்குளிப்பவரை நோக்கி நேரே வருவதும், காலைச் சுற்றிக்கொள்வதும், நாக்கால் தடவிப் பார்ப்பதும் நெடுநாளாகப் புரியாத புதிராக இருந்தன. ஓர் ஆய்வாளர் 1990களில் தாமே முக்குளித்துக் குறித்து வைத்த 158 சந்திப்புகளை அலசி 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய பாதிச் சந்திப்புகளில் பாம்பே நெருங்கி வந்திருக்கிறது. வந்தவை பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து ஆண் பாம்புகள். பெண்ணைத் தேடி அலைந்தவை மங்கிய பார்வையால் மனிதனைப் பெண் பாம்பு என்று நினைத்துவிட்டன! சினம் கொண்டு தாக்க வருவதாக நாம் நினைத்தது அசட்டுக் காதல். அசையாமல் நின்றால் முகர்ந்து பார்த்து ஏமாந்து போய்விடும். காலால் உதைத்தால்தான் கடிக்கும்.

நம் நீரிணையில் அப்படி நின்று பார்க்க வழியில்லை, பாம்பே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நம்மவரும் இந்த நீரில் இறங்குகிறார்கள். மாசி மகத்தன்று தெலுக் பஹாங் கரையில் தெப்பம் விடும்போது எத்தனை பேர் முழங்கால் நீரில் நிற்கிறார்கள்! அஸ்தி கரைக்க இறங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை ரொபினா கடற்கரையில் பிள்ளைகள் வற்றிய நீரில் ஓடுகிறார்கள். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்தபடி நடந்தால் போதும். அடியில் படுத்திருக்கும் திருக்கையும் பாம்பும் அதிர்வை உணர்ந்து விலகிவிடும். திருக்கையின் வால்முள் குத்துவதும் மிதிப்பதால்தான்.

சுக்காவும் கட்டும்

கடற்கரையில் இன்னொன்றும் உண்டு, ஜெல்லி மீன். தமிழக மீனவர்கள் இதைச் சொறி என்பார்கள். இவற்றுள் பெட்டி வடிவ ஜெல்லி மீன்களே உயிருக்கு ஆபத்தானவை. 2010-ஆம் ஆண்டு லங்காவியில் ஒரு சுவீடன் நாட்டுப் பெண் இதன் தீண்டலால் சில நிமிடங்களில் இறந்தார். பினாங்குத் தேசியப் பூங்காவை ஒட்டிய கடலிலும் பெட்டி ஜெல்லி இனங்கள் பதிவாகியுள்ளன. அங்கே முக்கா முனையில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது.

பாம்பும் சொறியும் இரண்டும் கடல் நஞ்சுதானே என்று ஒரே வைத்தியம் செய்யக்கூடாது என்பதற்காகவே இதைச் சேர்க்கிறேன். பெட்டி ஜெல்லியின் கொடுக்கிழைகளில் இன்னும் வெடிக்காத நச்சுப்பைகள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும். வீட்டுச் சமையலறையில் உள்ள சுக்காவை, அதாவது காடியை, அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றினால் அவை மேற்கொண்டு வெடிக்கா. குழாய்நீர் ஊற்றினாலோ மணலால் தேய்த்தாலோ எல்லாம் சேர்ந்து வெடிக்கும். சிறுநீர் ஊற்றச் சொல்வது சினிமா வைத்தியம். மூச்சு நின்றால் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்க வேண்டும். இங்கே நிமிடங்கள்தாம் கணக்கு.

பாம்புக் கடிக்குச் சுக்கா பயனற்றது. இங்கே மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. அதைப் பாழாக்காமல் இருந்தால் போதும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது இவை எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, சுளுக்குக்குச் சுற்றுவதைப் போல அகன்ற மீள்துணியால் விரலிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதையும் சுற்றி, ஒரு குச்சி வைத்து அசையாமல் கட்ட வேண்டும். நஞ்சு தசை அசைவால்தான் வேகமாகப் பரவுகிறது. பிறகு 999-க்கு அழைத்து மருத்துவமனை. வலி இல்லை என்று வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது.

நஞ்சு பற்றி மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையமும் பினாங்கில்தான், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், 1994 முதல் இயங்கி வருகிறது. மருத்துவமனைக்குப் போகும்போது பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. செத்த பாம்பின் தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். கைப்பேசியில் ஒரு படம் போதும், வால் தெரியும்படி. அதோடு கடித்த நேரத்தையும், தசைவலி தொடங்கிய நேரத்தையும், கடைசியாகப் போன சிறுநீரின் நிறத்தையும் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.